எந்த பேஸ் வாங்குவது?

எங்கள் தெருவில் ப்ளஸ் டூ முடித்த தம்பி ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, பேஸ் கிட்டார் கத்துக்கலாம்னு இருக்கேன். எது வாங்கறது?" என்று கேட்டான். நான்கைந்து கடைகளின் விலையைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தான். கலரைக்கூட முடிவு செய்துவிட்டான், நீலம்.

அவனுக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டோம். அவன் போன பிறகுதான் எங்களுக்குள் பேச்சு தொடங்கியது. 'உனக்கு எது வேண்டும்?' என்ற இந்தக் கேள்வியை எங்கள் அப்பாவிடம் அவர் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. அவருடைய கருவி அவர் பிறக்கும்போதே முடிவாகியிருந்தது. அதை யார் வீட்டுச் சாவுக்கு அடிக்க வேண்டும், எவ்வளவு தள்ளி நின்று அடிக்க வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. எனவே எங்களிடம் இருந்த மூன்று பேஸ் கிட்டார்களின் கதையை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். சூரமங்கலத்துக்காரர்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஒரே பேஸை இரண்டு பேரும் மாறி மாறி வாசிக்கிறோம். கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் பண்டிகை, சர்ச், ஏப்ரல் 14 கூட்டம் என்று எது வந்தாலும் அன்றைக்கு யாருக்கு லீவு கிடைக்கிறதோ அவர் தூக்கிக்கொண்டு போவார். அதனால் இதை 'நான்' என்று எழுத முடியவில்லை.

சேலம் ஜங்ஷன் சூரமங்கலத்தில்தான் இருக்கிறது. எங்கள் காலனி ரயில் பாதையை ஒட்டியது. ராத்திரி சரக்கு ரயில் போனால் அம்மா கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் அதிரும். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் பாயில் கிடக்கும் முதுகுக்குத் தெரிந்துவிடும். தாழ்ந்த சுருதியை உடம்பால் கேட்க அங்கேதான் பழகினோம் என்று இப்போது நினைக்கிறோம்.

அப்பா பகலில் லீ பஜாரில் மூட்டை தூக்குவார். சாவுச் செய்தி வந்தால் தப்பை எடுத்துக்கொண்டு போவார். அவர் அதைத் தப்பு என்றுதான் சொல்வார். பறை என்ற சொல்லைப் பெருமையோடு உச்சரிக்க நாங்கள் கற்றுக்கொண்டது பிற்பாடு, கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு. எங்களில் மூத்தவர் பத்தாவது படித்தபோது கூடப் படித்த ஒரு பையனின் தாத்தா இறந்துவிட்டார். வாத்தியார் வகுப்பையே துக்கத்துக்கு அழைத்துப் போனார். வாசலுக்கு எதிரே, தெரு முனையில் அப்பா அடித்துக்கொண்டிருந்தார். மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பாவும் மகனைப் பார்த்தார். அன்று ராத்திரி அந்தத் தப்பு பரணுக்குப் போனது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எந்தச் சாவுக்கும் போகவில்லை. ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்து கேட்டபோது "தோள் வலிங்க" என்று மட்டும் சொன்னார். அந்தத் தோளில்தான் மறுநாளும் மூட்டை ஏறியது.

பேஸ் என்று ஒரு கருவி இருப்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. டீக்கடையில் 'மூடுபனி', 'ஜானி', 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டுகள் ஓடும்போது பாடகருக்கும் தபலாவுக்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று தனியாக நடந்துகொண்டிருக்கும். அது தாளமும் இல்லை, மெட்டும் இல்லை. இரண்டையும் கையைப் பிடித்து அழைத்துப் போகிற ஒன்று. பாட்டை விட்டுவிட்டு அதை வாயால் முணுமுணுப்போம். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒரு மனிதர் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக ஐந்து கோட்டில் எழுதிக் கொடுக்கிறார், பேஸுக்கும் அவரே எழுதுகிறார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. இளையராஜாவுக்குப் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்ற பெயர் தெரிய இன்னும் அதிக நாள் ஆயிற்று. நாங்கள் வாங்கிய கேசட் அட்டைகளில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். பேஸ் வாசித்தவர் பெயரை ஒரு அட்டையிலும் பார்த்ததில்லை.

கருவியை முதலில் நேரில் பார்த்தது சர்ச்சில். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாசித்தார். நான்கு தடித்த கம்பிகள். "இது ஈ, இது ஏ, டி, ஜி" என்று சொல்லிக் கொடுத்தார். எங்கள் விரலை எடுத்துக் கம்பி மேல் வைத்தார். ஒரு பெரிய மனிதர், அவருடைய கருவியின் மேல், எங்கள் விரலை எடுத்து வைத்தார். இதை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்று இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் பேஸை 1996-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். கல்கத்தாவில் செய்த நகல். கலைந்துபோன ஒரு ஆர்க்கெஸ்ட்ராக்காரர் விற்றார். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தாள். அதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கிடைத்ததை வாங்கினோம். சேலத்து வெயிலுக்கு அதன் நெக் வில்லாக வளைந்துவிட்டது. கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டு எடுக்கலாம். நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை ஆலன் கீ போட்டுத் திருகினால் வளைவு நிமிரும் என்று தெரியாமலேயே இரண்டு வருடம் வாசித்தோம். விரல் காய்த்துப் போனது. அதுவும் நல்லதற்குத்தான். அதன் பிறகு எந்த பேஸும் எங்களுக்குக் கஷ்டமாக இல்லை.

புதுக் கம்பி வாங்கக் காசு இருக்காது. பேஸ் கம்பியில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் சத்தம் மழுங்கிவிடும். கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுத் துடைத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். அம்மாவின் சோற்றுப் பானையில் அப்படி வேகவைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "நாங்க வைக்கோலுல காட்டுவோம், நீங்க தண்ணியில வேக வைக்கறீங்களா?" என்றார். பரணுக்குப் போன தப்பைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். வேப்ப மரத்தில் சட்டம் எப்படி எடுப்பது, புளியங்கொட்டைப் பசையில் தோலை எப்படி ஒட்டுவது, எந்தத் தோல் மழைக்காலத்தில் தளரும், எவ்வளவு சூடு காட்டினால் எந்தச் சத்தம் வரும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த ஒருவர் ஒரு முழுப் பாடத்தை நடத்தினார்.

பேஸ் கிட்டாரின் கதையும் அவருக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. முன்பெல்லாம் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு திரிய முடியாது. மற்ற கருவிகள் சத்தமானதும் அது காணாமல் போய்விடும். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டுகிற பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஃபிரெட் வைத்ததால் சுருதி பிசகாது. அதனால் அதற்கு 'பிரிசிஷன்' என்று பெயர். 34 அங்குலம் என்று அவர் வைத்த கம்பி நீளம்தான் இன்றைக்கும் வழக்கமான அளவு. நெக் ஒடுங்கிய 'ஜாஸ் பேஸ்' 1960-ல் வந்தது. உலகத்தில் விற்கும் நாலு கம்பி பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழி வந்தவை. தம்பிமார்கள் கடைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும்.

டெட்ராய்ட் நகரத்தின் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பினத்தவர். மோடவுன் நிறுவனத்தின் அறுபதுகளின் வெற்றிப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்தான் பேஸ். வலது கையில் ஒரே ஒரு விரலால் வாசித்தார். 1962-ம் வருடத்து பிரிசிஷன் பேஸ் ஒன்றை வைத்திருந்தார். அதில் கம்பியை மாற்றுவதே அபூர்வம். உலகமே அவர் வாசிப்புக்கு ஆடியது. இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971-ல் மார்வின் கேயின் ஒரு தட்டில்தான் முறையாகப் பெயர் வந்தது. 1983-ல் இறந்துபோனார். இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த பேஸும் திருட்டுப் போய்விட்டது. இதைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அவருக்குக் கூலி ஒழுங்கா குடுத்தாங்களா?"

இரண்டாவது பேஸை நாங்களே தேடி வாங்கினோம், 2004-ல். ஐந்து கம்பி. 'ரோஜா'வுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் பேஸ் சிந்தசைசரில் வரும். நாலு கம்பியின் ஈ-க்குக் கீழே இறங்கும். மேடையில் பாடகருக்காகச் சுருதியை மாற்றினால் இன்னும் சிக்கல். கீழே ஒரு பி கம்பி இருந்தால் சமாளிக்கலாம். ஆசைப்பட்டு ஆக்டிவ் பிக்கப் உள்ளதாக வாங்கினோம். 9 வோல்ட் பேட்டரி போட வேண்டும். ஒயரைச் செருகியே வைத்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீரும். ஒரு ரிசப்ஷனில் பாட்டு நடுவே பேஸ் முனகிச் செத்தது. யாரும் கவனிக்கவில்லை. பாடகர் மட்டும் திரும்பிப் பார்த்தார். பேஸ்காரனின் பிழைப்பு அப்படி. இருக்கும்போது தெரியாது, இல்லாதபோது ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும்.

அந்த ஐந்து கம்பியோடுதான் 2006-ல் நாமக்கல் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். பண்டிகைக் கச்சேரி. அட்வான்ஸ் வாங்கியாயிற்று. மேடை கட்டி, சவுண்ட் பார்த்து, நாலு பாட்டும் முடிந்தது. விழாக் கமிட்டி ஆள் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏப்பா, நீங்க சூரமங்கலம் காலனிதானே? உங்கப்பன் நம்ம சொந்தக்காரங்க வூட்டு எழவுக்கெல்லாம் அடிச்சவன்தானே?"

தலையை ஆட்டினோம்.

"இங்க இருக்கற உங்க ஆளுங்க இந்த வருஷம் வர மாட்டேன்னுட்டாங்க. சாமி பொறப்பாடு நிக்குது. கீழ எறங்கி ஒரு சுத்து அடிச்சுட்டு வந்துருங்க. அப்புறம் இந்தக் கிட்டார வாசிக்கலாம்."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஊர்க் காலனிக்காரர்கள் கூடிப் பேசி, இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நாங்கள் இறங்கி ஒரு அடி அடித்திருந்தால் அவர்கள் முதுகில் குத்தியதாக ஆகியிருக்கும். அது அந்த நிமிடத்திலேயே தெரிந்தது. ஆனால் எங்கள் வாயில் வந்தது இவ்வளவுதான்: "அது எங்களுக்கு வராதுங்க."

பேச்சு தடித்தது. மீதிப் பணம் கிடைக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வேனில் ஏறச் சொன்னார்கள். பேஸ் மேடையிலேயே கிடந்தது. மறுநாள் மைக்செட்காரர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கீ உடைந்திருந்தது. காவல் நிலையத்தில் "பேசி முடிச்சுக்கங்க" என்றார்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்களா என்று கேட்டார்கள். இல்லை, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். கச்சேரிக்கு வந்தவனைச் சாவு மேளக்காரன் மகனாகத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு எந்தக் கெட்ட வார்த்தையும் தேவைப்படவில்லை.

அப்பாவிடம் சொன்னோம். நாங்கள் இறங்கவில்லை என்பதற்குச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் கோபப்பட்டார்.

"வராதுன்னு ஏன்டா சொன்னீங்க? உங்களுக்கு வரும். ரெண்டு பேருக்கும் நான் சொல்லிக் குடுத்திருக்கேன். வரும், ஆனா அடிக்க மாட்டோம்னு சொல்லியிருக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நானும் தோள் வலின்னுதான் சொன்னேன்" என்றார்.

அண்ணல் அம்பேத்கர் 1936-ல் 'சாதியை ஒழிக்கும் வழி'யில் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று எழுதினார். ஒருவருடைய திறமையைப் பார்த்து அல்ல, பெற்றோரின் நிலையைப் பார்த்து வேலையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது என்றார். நாங்கள் அதை அப்பாவின் கோபத்துக்குப் பிறகுதான் சரியாகப் படித்தோம். அப்பாவிடம் திறமை இருந்தது, தேர்ச்சி இருந்தது, ரசனையும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: மாட்டேன் என்று சொல்லும் உரிமை. அந்த உரிமை இல்லாத இடத்தில் கலை என்பது வெட்டி வேலையின் இன்னொரு பெயர். காட்டுமன்னார்கோவில் பக்கம் இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மறுக்கச் சொல்லிப் போராடியபோது அவர் எதிர்த்தது தோலையும் குச்சியையும் அல்ல, இந்தக் கட்டாயத்தை.

பறையைப் பற்றி எங்கள் இருவருக்குள்ளும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை என்பதையும் எழுத வேண்டும். இளையவருக்கு அது விடுதலைக் கருவி. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி செய்தபோது பறையும் பேஸும் ட்ரம்ஸும் ஒரே மேடையில் நின்றன. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் அழுதார். மூத்தவர் அந்தத் தெருமுனையை மறக்கவில்லை. பறையோடு மேடையேற இன்னமும் மாட்டேன் என்கிறார். பறைக்குப் பெருமை சேர்ப்பதால் சாவுக்குக் கூப்பிடுகிறவன் கூப்பிடாமல் இருக்கிறானா என்று கேட்கிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்பா இறந்தபோது கூலிக்கு யாரையும் அழைக்கவில்லை. எங்களில் ஒருவர் அடித்தார், ஒருவர் அடிக்கவில்லை. எது செய்தாலும் அவரவர் முடிவு என்பதால் இரண்டுமே அப்பாவுக்குச் சம்மதமாக இருந்திருக்கும் என்று நம்புகிறோம்.

மூன்றாவது பேஸ் அப்பா தேர்ந்தெடுத்தது. 2013. சென்னையில் ஒரு பெரிய கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். வேட்டி, ரப்பர் செருப்பு. கடைப் பையன் எங்களிடம் பேசினான், அவரைப் பார்க்கவே இல்லை. அப்பா சுவரில் தொங்கிய பேஸ்களை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். "பெரியவரே, தட்டாதீங்க" என்றான். நாங்கள் ஒரு பளபளப்பான பேஸை எடுத்து வாசித்தோம். பிடித்திருந்தது. அப்பா, "ஒவ்வொரு எடமா மெதுவா அடி" என்றார். ஜி கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டைத் தாண்டியதும், "அங்க நிறுத்து. இது சொல்லு முடியறதுக்குள்ள செத்துப் போவுது. இங்க மட்டும் உசுரு இல்ல" என்றார்.

கடைப் பையன் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தான். பேஸ் நெக்கில் சில இடங்களில் மரத்தின் அதிர்வு கம்பியின் அதிர்வைத் தின்றுவிடும். அங்கே நாதம் சட்டென்று அடங்கும். டெட் ஸ்பாட் என்பார்கள். ஜி கம்பியில் ஐந்துக்கும் ஏழுக்கும் பக்கத்தில் இது அடிக்கடி வரும். பல வருடம் வாசிக்கிறவர்களே இதைக் கவனிப்பதில்லை. அப்பா பேஸைக் கையில் பிடித்ததுகூட இல்லை. "தோலு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பேசணும். கட்டையும் அப்படித்தான்" என்றார். கடைசியில் விலை குறைவான, நாலு கம்பி யமஹா ஒன்றைக் காட்டினார். பேட்டரி கிடையாது. மரத்து நிறம். அதைத்தான் இன்றும் வாசிக்கிறோம். ஐந்து கம்பி பேஸுக்கு உடைந்த கீயின் இடத்தில் வேறு எதிலிருந்தோ எடுத்த கீயைப் போட்டிருக்கிறோம். பார்க்க ஒட்டாது, ஆனால் சுருதி நிற்கிறது.

தம்பி, நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறோம். முதல் பேஸுக்கு நாலு கம்பி போதும். பேட்டரி வேண்டாம். உட்கார்ந்து மட்டும் பார்க்காதே, வாரைத் தோளில் மாட்டிக் கால் மணி நேரம் நின்று பார். நாலு கிலோ என்பது மூன்று மணி நேரக் கச்சேரியில் நாற்பது கிலோ ஆகும். அகலமான வார் வாங்கு. உன் தங்கையும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், சின்னக் கைக்கு 30 அங்குல நீளத்திலும் பேஸ் வருகிறது. நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மெதுவாக வாசித்துக் காது கொடு. ஜி கம்பியில் ஐந்து, ஆறு, ஏழை மறக்காதே. நீலக் கலர்தான் வேண்டுமென்றால் நீலமே வாங்கு. அதற்கு நீ யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் சேரும் வரைக்கும் கல்கத்தா பேஸ் எங்கள் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. நெக்கை நிமிர்த்திவிட்டோம். வந்து எடுத்துக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருப்போம். பறை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இளையவர் சொல்லிக் கொடுப்பார். வேண்டாமென்றால் வேண்டாம்.

ஒன்று மட்டும். என்றைக்காவது யாராவது உன்னை மேடையிலிருந்து இறங்கச் சொன்னால், வராது என்று சொல்லாதே.

ஜெய்பீம்.